தாத்தா வீட்டை இடிக்கும் முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தைத் தானே விட்டுக்கொள்கிறேன் என்பார்கள், சம்மதிக்காதே.

தாத்தாவின் மண் வீட்டை இடித்துவிட்டு கான்கிரீட் போடலாமா என்று கேட்டிருந்தாய். முதலில் என் கதை. நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் மண் வீட்டின் சுவர் ஜன்னல் உயரத்தைத் தாண்டிவிட்டது. மேல்மண்ணை வழித்துத் தோட்டத்துக்கு ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து செம்மண் எடுக்கிறோம். கண்ணாடி பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் சட்டென்று படிந்துவிடும். களிமண் படிய ஒரு நாள்கூட ஆகும். களி மிஞ்சினால் சுவர் காயும்போது வெடிக்கும், மணல் மிஞ்சினால் உதிரும். எங்கள் மண்ணில் களி தூக்கல், அதனால் மணல் சேர்க்கிறோம். ராத்திரி ஊறவைத்து, காலையில் வைக்கோலைப் போட்டு மிதி மிதியென்று மிதிக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், என் இடுப்புதான் கழன்றுபோகிறது. சுவர் ஒன்றரை அடி அகலம். ஏறக்குறைய ஒரு அடி உயரத்துக்கு ஒரு படை வைத்தால், அது இறுகும்வரை அடுத்த படை கிடையாது. அவசரப்பட்டு ஏற்றினால் கீழே பிதுங்கிவிடும். ஊர்ப் பெரியவர் ஒருவர் தினமும் வந்து நகத்தால் கீறிப் பார்த்து, "நாளைக்கு வையி" என்பார். ரசமட்டத்தைவிட அவரைத்தான் கொத்தனார் நம்புகிறார்.

மலிவா என்றால், இல்லை. மண்ணுக்குக் காசில்லை, மிதிக்கிற ஆளுக்குக் காசு உண்டு. அதோடு வீட்டுச் செலவில் சுவர் ஒரு பங்குதானே. கடைக்கால் கல், கதவு, நிலை, ஓடு எல்லாம் வழக்கமான விலைதான். மண் வீடு என்றாலே பாதிப் பணம் மிச்சம் என்று சொல்லித் திரிகிறவர்களை நம்பாதே.

சரி, உன் வீட்டுக்கு வருகிறேன். கீழ்ச்சுவர் பொதபொதவென்று ஆகி, பூச்சு பாளம் பாளமாக விழுகிறது என்கிறாய். எனக்கென்னவோ அது மண்ணின் குற்றமாகத் தெரியவில்லை. சித்தப்பா காலத்தில் 'இனி வருஷா வருஷம் மெழுக வேண்டாம்' என்று சிமென்ட் பூசினார்களே, அதன் வேலை. மண்சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், காற்றில் விட்டுவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. வெடிப்பு வழியாக இறங்கும் மழைநீரும் உள்ளேயே தங்கி, வெளியே பார்க்க ஜம்மென்று இருக்கும்போதே உள்ளே சுவர் குழைந்துபோகும். அந்தப் பூச்சை உரித்துவிட்டு, வெயில் காலம் முழுக்கக் காயவிட்டு, குழிகளை மண்ணாலேயே அடைத்து, சுண்ணாம்பு பூசினால் பிழைத்துக்கொள்ளும். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்துக் குழைக்கத் தெரிந்த ஆள் கிடைத்தால் அவரை விடாதே. அதோடு ஓட்டுத் தாழ்வாரத்தை இன்னும் வெளியே நீட்டு. சாரல் தெறிப்பதுதான் மண்சுவருக்கு முதல் எதிரி, கரையான்கூட அப்புறம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபிக்காதே. ஆப்பிரிக்காவில் மாலி நாட்டில் ஜென்னே என்ற ஊரில் பெரிய மசூதி முழுக்க மண்ணால் ஆனது. இப்போதுள்ள கட்டடம் 1907-ல் எழுந்தது. ஆண்டுதோறும் ஊரே கூடித் திருவிழாவாக மண் பூசுகிறது. அதனால்தான் நிற்கிறது. நீயோ கோயம்புத்தூரில், வீடோ பூட்டியபடி. பூட்டிக் கிடக்கிற மண் வீட்டில் ஒரு ஓடு நகர்ந்தாலும் பார்க்க ஆளில்லை. ஒரு மழைக்காலத்தில் சுவர் கரைந்துவிடும். அதனால் குடியிருக்க ஒரு குடும்பம் கிடைக்குமா என்று முதலில் பார். வாடகை வாங்காவிட்டாலும் நஷ்டமில்லை. அதுவும் அமையாது, நீயும் போகப் போவதில்லை என்றால், நான் மண்ணுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். இடித்தாலும் பனஞ்சட்டங்களையும் தேக்கு நிலையையும் விறகுக் கடைக்குப் போடாதே, எனக்குச் சொல், வண்டி அனுப்புகிறேன்.

இந்த வயதில் மண் வேலை வேண்டாம் என்கிறாள் என் வீட்டுக்காரி. ஆனால் அடுப்படிச் சுவரில் சாமான் வைக்க மாடக்குழி எங்கெங்கே வேண்டும் என்று அவள்தான் கரிக்கோடு போட்டுவைத்திருக்கிறாள்.

மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாயா? கொடுக்கவில்லை என்றால் அடுத்த வாரம் ஊருக்கு வா, சேர்ந்து போய்ச் சுவரைக் கீறிப் பார்ப்போம். எங்கள் பெரியவரையும் கூட்டி வருகிறேன். ஐப்பசி மழைக்கு முன் கூரை ஓடுகளையாவது மாற்றியாக வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்