அந்த முதல் வரியை எடுக்கச் சொல்லாதீர்கள்

தமிழ் வலைப்பதிவர்களிடம் காசு கொடுத்து எழுதி வாங்கும் டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சியினர் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் திருச்சியில் மாடித்தோட்டம் போட்டு, அதைப் பற்றித் தமிழில் எழுதிவருகிறவள். பதினொரு வருடமாக எழுதுகிறேன். உங்களில் பல பேரோடு வேலை செய்திருக்கிறேன், அதனால் என்னைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

போன செவ்வாய்க்கிழமை உங்களில் ஒருவரிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. "மேம், ஃபர்ஸ்ட் லைன் மட்டும் எடுத்துடுங்க. இந்த மாசமே பேமென்ட் ரிலீஸ் பண்ணிடறோம்." அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

அந்த வரி இது: "இது காசு வாங்கிக்கொண்டு எழுதிய பதிவு. பொருளை 40 நாள் என் மாடியில் பயன்படுத்திப் பார்த்த பிறகு எழுதுகிறேன்."

2025 ஜனவரியில் ஒரு இடுபொருள் கம்பெனிக்காக நான்கு பதிவுகள் கேட்டீர்கள். பதிவுக்கு 10,000 ரூபாய், மொத்தம் 40,000. நான்கையும் சொன்ன தேதியில் போட்டேன். நான்கிலும் முதல் வரி இதுதான். இன்வாய்ஸ் அனுப்பினேன். கிளையன்ட் அப்ரூவல் வரவில்லை என்றீர்கள். அப்புறம் அக்கவுண்ட்ஸில் ஆள் மாறிவிட்டார் என்றீர்கள். அப்புறம் அடுத்த பேமென்ட் சைக்கிளில் பார்க்கலாம் என்றீர்கள். வருமான வரிக் கணக்குக் கட்டுவதற்காக, என் பெயரில் யார் எவ்வளவு வரி பிடித்தார்கள் என்று காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பார்த்தால், என் பான் எண்ணுக்கு நேரே உங்கள் கம்பெனி பெயரும், 40,000 ரூபாய் என் கணக்கில் வரவு வைத்ததாகவும் அதில் 4,000 ரூபாய் வரி பிடித்ததாகவும் இருக்கிறது. உங்கள் புத்தகத்தில் எனக்குப் பணம் கொடுத்தாயிற்று. அரசாங்கத்துக்குப் போக வேண்டியதும் போயாயிற்று. எனக்குத்தான் ஒரு ரூபாய் வரவில்லை. பத்து மாதம் கழித்து இப்போதுதான் உண்மையான காரணத்தைச் சொல்கிறீர்கள்: முதல் வரி கிளையன்ட்டுக்குப் பிடிக்கவில்லை.

அந்த வரியை நான் ஏன் எடுக்க மாட்டேன் என்று சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2019-ல் என் முதல் விளம்பரப் பதிவு. ஒரு திரவ உரம். 3,000 ரூபாய். பதிவை நீங்களே எழுதி அனுப்பியிருந்தீர்கள். நான் அங்கங்கே என் நடைக்கு மாற்றிப் போட வேண்டியதுதான் என் வேலை. லிட்டருக்கு 20 மில்லி கலந்து ஊற்றச் சொல்லி அதில் இருந்தது. "என் வீட்டுக் கத்தரிக்கு நானும் இதைத்தான் ஊற்றுகிறேன்" என்றும் ஒரு வாக்கியம். பாட்டில் என் வீட்டுக்கு வரவே இல்லை. அடுத்த வாரம் வரும் என்றீர்கள். எழுத்துக்குக் காசு வருகிறதே என்ற சந்தோஷத்தில், பாட்டிலைக் கண்ணால் பார்க்காமலே பதிவைப் போட்டுவிட்டேன். விளம்பரம் என்று எங்கேயும் எழுதவில்லை.

மூன்று வாரம் கழித்து, துறையூர்ப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வீடியோ காலில் வந்தார். நெடுநாள் வாசகி. மாவுப்பூச்சிக்கு என்ன செய்வது, அவரைப் பூ ஏன் உதிர்கிறது என்று அவ்வப்போது கேட்பார். அன்றைக்கு எதுவும் பேசாமல் கேமராவைத் திருப்பிக் காட்டினார். 14 க்ரோபேக், எல்லாம் கத்தரி நாற்று. இலை நுனியெல்லாம் பழுப்பாகக் கருகி, ஓரம் மேல்பக்கமாகச் சுருண்டு, மண்ணுக்கு மேலே வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்து கிடந்தது. சித்திரை வெயில், சின்ன நாற்று, தாங்காத அளவு உரம். பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன்: "எத்தனை மில்லி ஊத்தினீங்க டீச்சர்?"

"நீங்க எழுதினபடிதாம்மா. 450 ரூபா குடுத்து வாங்கினேன். உங்க கத்தரிக்கு ஊத்தினதாத்தானே போட்டிருந்தீங்க?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வெறும் தண்ணீரை நிறைய ஊற்றி அடித் துளை வழியாக உப்பை வடியவிடச் சொன்னேன், பைகளை நிழலுக்கு நகர்த்தச் சொன்னேன். 14-ல் ஐந்து பிழைத்தன. அந்த நாற்று அவர் அம்மா வீட்டுக் கத்தரி, வருடா வருடம் அவரே விதை எடுத்து வைத்து வளர்ப்பது என்பது அப்புறம்தான் தெரிந்தது. 450 ரூபாயை அனுப்புகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். என்னைத் திட்டவும் இல்லை. "விதை இன்னும் கொஞ்சம் இருக்கு, பாத்துக்கறேன்மா" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு என்னிடம் சந்தேகம் கேட்டு அவர் கூப்பிடவே இல்லை.

அன்றைக்கு எழுதினதுதான் அந்த முதல் வரி. அதற்குப் பிறகு என் மாடியில் பார்க்காத எதையும் நான் எழுதவில்லை. காசு வாங்கினால் வாங்கினேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைத்தான் எடுக்கச் சொல்கிறீர்கள்.

அவ்வளவு கஷ்டமென்றால் விளம்பரப் பதிவே எழுதாமல் இருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். இருக்க முடியாது. தமிழில் எழுதுகிறவருக்கு வருமானத்துக்கு என்ன வழி இருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்கே தெரியும். தளத்தில் விளம்பரம் காட்டிக் காசு தரும் கூகுள் அட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டதே 2018 பிப்ரவரியில்தான். அதற்கு முன்னால் எத்தனை வருடம் எழுதியிருந்தாலும் தமிழ் என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பம் திரும்பி வரும். இப்போது விளம்பரம் ஓடுகிறது, ஆனால் 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும். எனக்கு அது சேர மாதக்கணக்கில் ஆகிறது. அஃபிலியேட் லிங்க் போட்டால், வாசகர் அதன் வழியாக மண்வெட்டியோ தேங்காய் நார்க் கட்டியோ வாங்கும்போது சில்லறை கமிஷன் வரும். அதையும் சொல்லித்தான் போடுகிறேன். நாட்டு விதை பாக்கெட் போட்டுக் கூரியரில் அனுப்புகிறேன். கூரியர் செலவு போக அதில் பெரிதாக நிற்பதில்லை. மீதி இருப்பது உங்கள் வேலைதான். அது எனக்கு வேண்டும். காசு வாங்கி எழுதுவதில் எனக்கு வெட்கமே இல்லை. செய்த வேலைக்குத்தானே கூலி? அதை வாசகருக்குத் தெரியாமல் வாங்கச் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இது என் தனிப்பட்ட பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். விதியும் சட்டமும் என்ன சொல்கின்றன என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும். ஆஸ்கி என்று நாம் எல்லாரும் சொல்லும் விளம்பரத் தர கவுன்சிலின் விதிகள் 2021 ஜூன் 14 முதல் நடப்பில் இருக்கின்றன. விளம்பரம் என்ற அடையாளம் முதலிலேயே கண்ணில் பட வேண்டும், ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் புதைக்கக் கூடாது, ஆங்கிலத்திலோ அந்த விளம்பரம் இருக்கும் மொழியிலோ வாசகருக்குப் புரிகிற மாதிரி இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்தது. 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை இணையத்தில் எழுதுகிறவர்களுக்கென்றே தனிக் கையேடு போட்டது. பணம் மட்டுமில்லை, இலவசப் பொருள், தள்ளுபடி, ஓட்டல் தங்கல் எது வாங்கியிருந்தாலும் சொல்ல வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு அபராதம் 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. பரிந்துரைத்தவரை ஒரு வருடம் வரை எந்த விளம்பரத்திலும் பரிந்துரைக்க விடாமல் தடை போடலாம். பரிந்துரைக்கும் முன் உரிய அக்கறையோடு சரிபார்த்திருந்தால் அந்தத் தண்டனை இல்லை என்றும் அதே சட்டம் சொல்கிறது. நான் 40 நாள் ஊற்றிப் பார்ப்பது அதற்காகவும்தான்.

வரியை எடுத்துவிட்டால் நாளைக்கு நோட்டீஸ் யாருக்கு வரும்? பதிவில் இருப்பது என் பெயர், என் படம். உங்கள் பெயர் எங்கேயும் இல்லை.

லிங்க் விஷயமும் இதே கதைதான். காசு கொடுத்துப் போடும் லிங்கை 'ஸ்பான்சர்ட்' என்று குறிக்க கூகுள் 2019 செப்டம்பரிலேயே தனிக் குறியீடு கொடுத்துவிட்டது. பதிவு எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் அனுப்பும் பிரீஃப் ஒவ்வொன்றிலும் 'டூஃபாலோ மட்டும், ஸ்பான்சர்ட் டேக் கூடாது' என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. அதாவது, காசு வாங்காத சாதாரண லிங்க் மாதிரியே இருக்க வேண்டும். வாசகருக்கும் தெரியக் கூடாது, தேடுபொறிக்கும் தெரியக் கூடாது. கண்டுபிடித்தால் தேடலில் கீழே தள்ளப்படுவது என் தளம். பதினொரு வருடம் நான் எழுதிச் சேர்த்தது. நீங்கள் வேறொரு பதிவரைப் பிடித்துக்கொள்வீர்கள்.

சொல்ல ஆரம்பித்துவிட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சொட்டுநீர் செட்டை அனுப்பிவைத்து, "இதுதான் பேமென்ட்" என்றீர்கள். 25,000 ரூபாய் பொருள். 2022 ஜூலையில் வந்த விதிப்படி வருடத்துக்கு 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகக் கொடுத்தாலும் 10 சதவீத வரி உண்டு. அந்த 2,500-ஐ என்னையே கட்டச் சொன்னீர்கள். நான் கேட்காத பொருளுக்கு என் கையிலிருந்து வரி! திருப்பி அனுப்பிவிட்டேன். அதே கேம்பைனுக்கு ஆங்கிலத்தில் எழுதும் சென்னைத் தோழிக்குப் பணமாகவே கொடுத்தீர்கள். தமிழ் வாசகர் பொருள் வாங்க மாட்டாரா? துறையூரில் 450 ரூபாய் கொடுத்து வாங்கினவர் யார்?

ரம்மி லிங்க் வேறு. முருங்கைக் கம்பளிப்பூச்சி பற்றிய பழைய பதிவுக்குள் ஒரு சூதாட்டத் தளத்தின் லிங்கைச் செருகச் சொல்லி, வழக்கமாகக் கொடுப்பதைப் போல மூன்று மடங்கு தருவதாகச் சொன்னீர்கள். ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்தியைத் தமிழ்நாட்டில் படிக்காதவர் யார்? அதற்காகத்தானே 2022-ல் அவசரச் சட்டமும் 2023-ல் மாநிலச் சட்டமும் வந்தன. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை, அவற்றின் விளம்பரத்தோடு சேர்த்தே தடை செய்துவிட்டது. அதற்குப் பிறகும் அந்த மின்னஞ்சல் வருவது நிற்கவில்லை. கத்தரிக்கும் வெண்டைக்கும் யோசனை கேட்டு வரும் குடும்பத்தை எங்கே அனுப்பச் சொல்கிறீர்கள்?

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். உங்கள் அலுவலகங்களில் உட்கார்ந்து எங்களுக்குச் செய்தி அனுப்பும் பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மாதக் கணக்கு முடிக்க வேண்டிய அவசரம் அவர்களுக்கு. அவர்களை அப்படிக் கேட்கச் சொல்லி மேலே இருந்து முடிவெடுக்கும் உங்களிடம்தான் கேட்கிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். 'இது விளம்பரம்' என்று எழுத எங்களை விடுங்கள். பிரீஃபிலேயே அதைப் போட்டுக் கொடுங்கள்: முதல் வரியில், தமிழில், எல்லாருக்கும் புரிகிற மாதிரி. கிளையன்ட் வேண்டாம் என்றால், அவருக்குச் சட்டத்தை எடுத்துச் சொல்வது உங்கள் வேலை. அந்தச் சுமையை ஒரு வீட்டு மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் பதிவர் மேல் இறக்காதீர்கள். பொருளைப் பயன்படுத்திப் பார்க்க நாள் கொடுங்கள். பார்த்தது பார்த்தபடி எழுத விடுங்கள். நான் மறுபடியும் சொல்கிறேன், அந்த ஒரு வரியை வைத்துப் பணத்தை நிறுத்தாதீர்கள்.

பணத்தைப் பற்றி: குறு, சிறு தொழிலுக்கு அரசாங்கம் தரும் உத்யம் பதிவு என்னிடம் இருக்கிறது, சான்றிதழ் எண் இன்வாய்ஸிலேயே இருக்கிறது. குறு, சிறு தொழில் செய்கிறவருக்கு 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2006-ஆம் வருடச் சட்டம். தாமதத்துக்கு வட்டியும் உண்டு. அதற்கான அரசாங்கத் தளத்தில் புகார் பதிய எனக்குத் தெரியும், பதிந்த தோழிகளும் இருக்கிறார்கள். ஆனால் நாளைக்கும் உங்களோடு வேலை செய்ய விரும்புகிறேன். அதனால் முதலில் உங்களிடமே கேட்கிறேன். தயவுசெய்து இந்த மாதம் 30-ஆம் தேதிக்குள், பிடித்த வரி போக மீதி 36,000 ரூபாயை அனுப்பிவையுங்கள். வட்டி கேட்கவில்லை.

நான்கு பதிவுகளும் போட்டபடியே இருக்கின்றன, முதல் வரியோடு. அந்தப் பொருள் நல்ல பொருள்தான். லிட்டருக்கு 5 மில்லி ஊற்றினால் மிளகாய் நன்றாகப் பிடிக்கிறது, அதையும் எழுதியிருக்கிறேன். இன்வாய்ஸை இன்று காலை மறுபடி அனுப்பியிருக்கிறேன். வங்கிக் கணக்கு மாறவில்லை.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு மாடித்தோட்டப் பதிவர்