காம்பு வைத்தால் தீராத மலச்சிக்கல்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிறந்த குழந்தை 48 மணி நேரமாகியும் கருமலம் (முதல் மலம்) கழிக்கவில்லை என்றால், நம் பக்கத்தில் வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தொட்டு ஆசனவாயில் வைப்பார்கள். மலம் பீய்ச்சிக்கொண்டு வரும், வயிறு வற்றும், ஆச்சிக்கும் நிம்மதி. ஆனால் ஹிர்ஷ்பிரங் என்னும் பிறவிக் குடல் நோயைக் கண்டுபிடிக்கத் தாமதமாவது இதனாலும்தான். குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாததால் அந்த இடம் இறுகியே இருக்கும். காம்பு பட்டதும் ஒரு தடவை வழி விடும், பிறகு பழையபடி வயிறு உப்பும். சுமார் 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது. காம்பு வைக்க வேண்டிய நிலை வந்தாலே அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

சில குழந்தைகளுக்கு முதலில் குடலை வயிற்றில் திறந்து மலம் வெளியேற வழி வைத்து (இதுதான் கொலஸ்டமி; அந்தத் திறப்புதான் குடல் வாய்), சில மாதம் கழித்தே நரம்பணு இல்லாத பகுதியை அகற்றும் முக்கிய அறுவை சிகிச்சை நடக்கும். அந்த மாதங்களில் தாய்மாரை அதிகம் அழவைப்பது, மலத்தைப் பிடிக்கக் குடல் வாயைச் சுற்றி ஒட்டும் கொலஸ்டமிப் பைதான். பை ஒட்டாமல் போவதற்கு முக்கியக் காரணம் எண்ணெயும் பவுடரும். வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும்; தோல் நன்றாகக் காய வேண்டும். பையைத் தோலில் ஒட்டும் தட்டில் வெட்டும் துளை, குடல் வாயைவிட 2 மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக இருக்கட்டும். அறுவைக்குப் பின் முதல் 6 வாரங்களில் குடல் வாய் சுருங்கிக்கொண்டே வரும் என்பதால், பழைய அளவில் வெட்டாமல் ஒவ்வொரு முறையும் அளந்து வெட்டுங்கள். தட்டை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துச் சூடேற்றி, ஒட்டியபின் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்ததுமே காலி செய்ய வேண்டும். அழுகிற குழந்தை காற்றை விழுங்கும். அந்தக் காற்றையும் வெளியேற்றாவிட்டால் பை பிய்ந்துவிடும். ஓரத்தில் கசிந்தால் மேலே பிளாஸ்திரி போடாதீர்கள். உள்ளே தேங்கும் மலம் தோலைப் புண்ணாக்கிவிடும். கத்திரி வெயிலில் வியர்வையாலேயே தட்டு கழன்றுகொள்ளும், அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

பை கிடைக்காத நாளில் மெல்லிய துணியை மடித்துக் கட்டலாம். அப்போது மட்டும் சுற்றிலும் வாசலைன் தடவ வேண்டும்.

குடல் வாய் சிவப்பாக, ஈரமாக இருக்கும். துடைக்கும்போது ஒரு துளி ரத்தம் கசிவது சகஜம். கறுத்தாலோ நீலம் பாரித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றபடி குழந்தையைக் குளிப்பாட்டலாம், மடியில் போட்டுக் கொஞ்சலாம். சித்தியும் அத்தையும் தூக்கத் தயங்கினால் அந்தத் தாய் தனியாகிப் போகிறாள்.

முக்கிய அறுவை முடிந்த பிறகும் குடல் அழற்சி வரலாம். காய்ச்சல், உப்பிய வயிறு, கடும் நாற்றத்துடன் பீய்ச்சும் பேதி ஆகியவை அதன் அறிகுறிகள். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஆசனவாய் வழியாகக் குடல் கழுவக் கற்றுக்கொடுத்திருந்தால் மருத்துவர் சொன்ன அளவு சலைன் (உப்பு நீர்) மட்டுமே செலுத்துங்கள். குழாய்த் தண்ணீர் ரத்தத்தில் உப்பைக் குறைத்து வலிப்பில் கொண்டுபோய் விடும். உள்ளே போன அளவு வெளியே வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மருத்துவமனை நிர்வாகத்திடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. வீட்டுக்கு அனுப்புமுன் தாயும் இன்னொருவரும் செவிலியர் கண்ணெதிரே தாங்களே பை மாற்றிக் காட்ட வேண்டும். வள்ளியூர், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி அரசு மருத்துவமனைகளில் குழந்தை அளவுப் பைகள் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். ஒரு பைக்காகக் கைக்குழந்தையோடு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏற வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் பிரிவுச் செவிலியர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.