காதடி வீக்கத்தை வலியில்லை என்று விட்டுவிடாதீர்கள்

ஆசிரியருக்கு,

வாய் வறட்சி பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள், நல்ல விஷயம். ஆனால் முக்கியமான ஒன்று விடுபட்டுவிட்டது. வாயும் கண்ணும் வறண்டுபோகும் ஷோக்ரன் நோய் உள்ளவர்களுக்கு, உமிழ்நீர்ச் சுரப்பியில் லிம்போமா என்கிற புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். காதுக்குக் கீழே, தாடை ஓரமாக, பெரும்பாலும் வலியே இல்லாமல் மெதுவாக வீங்கும். நாமோ பொன்னுக்கு வீங்கி என்று பத்துப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் இருந்துவிடுகிறோம்.

என் சித்திக்கு மெல்லிய ஊசியில் உறிஞ்சிப் பார்த்து வெறும் அழற்சி என்றுதான் சொன்னார்கள். வீக்கம் வற்றவில்லை, அப்புறம் வேறு மருத்துவமனையில் தடித்த ஊசியால் சதைத் துண்டு எடுத்து, செல்களில் உள்ள புரதங்களைச் சாயமேற்றி அடையாளம் காணும் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி பரிசோதனையும் செய்த பிறகே, லிம்போமாவில் ஒரு வகையான மால்ட் லிம்போமா என்று உறுதியானது. செல்களை மட்டும் பார்த்தால் இந்த நோய் எளிதில் நழுவிவிடும், திசு வேண்டும்.

பயப்படவும் தேவையில்லை. மால்ட் வகை மெதுவாக வளர்வது. ஒரே இடத்தில் இருந்தால் 24 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவிலான கதிர்வீச்சே பெரும்பாலும் போதும், பரவியிருந்தால் ரிட்டுக்ஸிமாப் என்கிற மருந்து தருவார்கள், தொந்தரவு இல்லாத சிலரைக் கண்காணிப்பில் மட்டும் வைப்பதும் உண்டு. பெரிய அறுவை சிகிச்சைக்கு அவசரப்படக் கூடாது, முக நரம்பு அந்தக் காதடிச் சுரப்பிக்குள்தான் ஓடுகிறது. வேகமாக வளரும் பெரிய பி செல் (பி செல் என்பது ஒருவகை வெள்ளை அணு) லிம்போமா என்றால் கதை வேறு, உடனே கீமோ தொடங்க வேண்டும்.

இந்த வேறுபாடுகளை ஒரு புற்றுநோய் மருத்துவரை வைத்து விரிவாக எழுதச் சொல்லுங்கள், சார்.

ஒரு வாசகி, திருச்சி