சண்டைக்கு மருந்து கூடுதல் தீனி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு மீன்தொட்டி பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ஆப்பிரிக்க சிக்லிட் மீன்கள் சண்டையிட்டால் தீனியைக் கூட்டுங்கள், வயிறு நிறைந்தால் அடங்கிவிடும் என்று அதில் இருந்தது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிட் மீன்களைப் பல ஆண்டுகளாக வளர்த்து வருபவள் என்ற முறையில் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. இந்த யோசனையைப் பின்பற்றினால் சண்டை நிற்காது; மீன்கள்தான் சாகும்.

மலாவியின் பாறைகளில் வாழும் ம்புனா வகை மீன்கள் பொழுதெல்லாம் பாசியைச் சுரண்டித் தின்பவை. அந்த உணவில் சத்து குறைவு. அதனால்தான் அவற்றுக்குக் குடல் நீளம், வாய் ஓயாத மேய்ச்சல். தொட்டி அருகே நிழல் விழுந்தாலே கண்ணாடியில் வந்து முட்டுவதைப் பசி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எவ்வளவு போட்டாலும் அவை போதும் என்று சொல்லப்போவதில்லை. மாட்டு இதயம், ரத்தப்புழு என்று கொழுத்த தீனி தொடர்ந்து போனால் வயிறு வீங்கும், எச்சம் வெள்ளை நூலாக வரும். அந்த நிலைக்குப் போன மீனைக் காப்பாற்றுவது மிகக் கடினம். ஸ்பைருலினா என்ற நுண்பாசி கலந்த தீனியைச் சிறிது சிறிதாகப் போட்டாலே போதும்.

இனி சண்டைக்கு வருகிறேன். ஆண் மீன் காப்பது தன் பாறை இடுக்கை. பெண்ணை அழைத்து வந்து முட்டையிட வைக்கும் இடம் அது. என் தொட்டியில் நீல ஆண் ஒன்று வயிறு முட்டத் தின்றுவிட்டு, அடுத்த நொடியே தன் இனத்து இன்னோர் ஆணை விரட்டப் போகும். ஏரியில் தோற்ற மீன் சில மீட்டர் நீந்திப் போனால் விவகாரம் முடிந்தது. தொட்டியில் அது எங்கே போகும்? மேல் மூலையில், ஃபில்டர் குழாயை ஒட்டி, கிழிந்த துடுப்போடு நிற்கும். நீங்கள் கூட்டிப் போடும் தீனியும் அதன் வாய்க்கு வராது. வலியது தின்றதுபோக மிச்சம் அழுகி அம்மோனியா ஆகும். இந்த மீன்களுக்குத் தேவையான, பி.எச். 8-ஐ ஒட்டிய காரத் தண்ணீரில் அம்மோனியாவின் நஞ்சு இன்னும் கூடும்.

வம்பு செய்யும் மீனை எடுத்துவிட்டாலும் தீராது. ஆப்பிரிக்காவின் இன்னோர் ஏரியான டாங்கனிக்காவைச் சேர்ந்த பர்ட்டோனி சிக்லிட்டில், தலைமை ஆணை அகற்றியதும் அடங்கிக் கிடந்த இன்னோர் ஆண் சில நிமிடங்களிலேயே நிறம் ஏறி அந்த இடத்தைப் பிடிப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பாறைகளை அடுக்குவது, ஓர் ஆணுக்குப் பல பெண்கள் என்று வைப்பது, தீனியை ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடங்களில் தூவுவது, புது மீனை விடும்போது பாறைகளை மாற்றி அடுக்குவது: என் அனுபவத்தில் பலன் தந்தவை இவையே.

தீனியைக் கூட்டுங்கள் என்ற யோசனை அதிகம் வதைப்பது தாய் மீனை. முட்டைகளை வாயில் அள்ளிக்கொண்ட பெண், ஏறத்தாழ மூன்று வாரம் அவற்றையும் பொரித்த குஞ்சுகளையும் வாய்க்குள்ளேயே சுமக்கும். என் மீன்கள் அந்த நாட்களில் எதையும் தின்றதில்லை. தாடை உப்பியிருக்கும், அவ்வப்போது மெல்வதுபோல முட்டைகளைப் புரட்டும். தீனி விழுந்தால் மற்றவற்றோடு ஓடி வரும், பார்க்கும், திரும்பிவிடும். விவரம் தெரியாதவர்கள் நோய் என்று பயந்து விதவிதமான தீனியைக் கொட்டுகிறார்கள். அந்தத் தாய்க்கு அப்போது வேண்டியது ஒளிந்துகொள்ள ஓர் இடுக்கு மட்டும்தான்.

ஆப்பிரிக்க சிக்லிட் என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடக்கியதும் சரியில்லை. டாங்கனிக்காவின் ஃபிரன்டோசா சிறு மீன்களைப் பிடித்துத் தின்னும் நிதானமான மீன். அதையும் பாசி தின்னும் ம்புனாவையும் ஒரே தொட்டியில் விட்டால், ஒன்றுக்குப் பொருந்தும் தீனி மற்றதற்குக் கேடு. அதே ஏரியின் பிரிச்சார்டி மீனோ குடும்பமாக வாழும். மூத்த குட்டிகள் தம்பி தங்கைகளுக்குக் காவல் நிற்கும்.

அடுத்த இணைப்பில் அந்த வரியைத் திருத்தி, எந்த ஏரி மீனுக்கு என்ன தீனி என்பதையாவது வெளியிடுங்கள். கட்டுரையை நம்பித் தீனி டப்பாவைக் கையில் எடுத்தவர்களுக்கு அது உடனே தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
மீன் வளர்க்கும் ஒரு வாசகி