கிளவுட் படிக்கும் முன் ஒரு சர்வரைத் தொட்டுப் பழகட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'ஆறே மாதத்தில் கிளவுட் இன்ஜினியர்' என்ற விளம்பரப் பலகையைச் சென்னை வேளச்சேரியிலும் கோவை காந்திபுரத்திலும் இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் பெற்றோரும், ஏற்கெனவே ஐ.டி. வேலையில் இருந்துகொண்டு இரவு வகுப்புக்குப் போகும் இளைஞர்களும் இதில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லித்தரும் வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

கிளவுட் என்பது வாடகைக்கு எடுத்த கணினி. அமேசான் இந்தத் தொழிலை 2006இல் தொடங்கியது. 2016இல் மும்பையில் தன் மண்டலத்தைத் திறந்தது. மைக்ரோசாஃப்ட் அசூரின் தென்னிந்திய மண்டலம் 2015 முதல் சென்னையிலேயே இயங்குகிறது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும், வாடகை கட்டி உள்ளே நுழைந்தால் எதிரே நிற்பது பெரும்பாலும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் ஒரு சர்வர்தான். பயிற்சி நிலையங்களோ வெளிக்கதவைத் திறப்பதை மட்டும் கற்றுத்தருகின்றன. எந்த பட்டனை அழுத்தினால் சர்வர் கிடைக்கும் என்பது பத்து நிமிடப் பாடம். அந்த பட்டனின் இடமும் அடிக்கடி மாறும். கிடைத்த சர்வர் இரவு இரண்டு மணிக்கு நின்றுபோனால் என்ன செய்வது என்பதற்குத்தான் சம்பளம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தின் இணையதளம் திடீரென்று பிழை காட்டுகிறது. உள்ளே போய், காலி இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை கொடுத்தால் டிஸ்க் 100 சதவீதம் நிரம்பியிருக்கிறது. டியு கட்டளையால் ஒவ்வொரு அடைவாக (ஃபோல்டராக) அளந்துகொண்டே போனால், பெரும்பாலும் வார் அடைவுக்குள் இருக்கும் லாக் அடைவில் போய் நிற்கும். நடப்பதையெல்லாம் பதிந்துவைக்கும் லாக் ஃபைல் ஒன்றே 15 ஜிபி அளவுக்கு. புதியவர் அதை உடனே அழித்துவிடுவார். மறுபடி டிஎஃப் போட்டால் அதே 100 சதவீதம். இங்கேதான் கை நடுங்கும். காரணம் இதுதான்: ஒரு ஃபைலை ஏதாவது ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும்வரை, பெயரை அழித்தாலும் லினக்ஸ் அந்த இடத்தை விடுவிக்காது. அழிக்கப்பட்டும் திறந்திருக்கும் ஃபைல்களை எல்எஸ்-ஆஃப் கட்டளை காட்டிக்கொடுக்கும். ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் சேவையை மறுபடி தொடங்கினால் இடம் திரும்ப வரும். முதலிலேயே ஃபைலை அழிக்காமல், ட்ரங்கேட் கட்டளையால் அதன் உள்ளடக்கத்தை மட்டும் காலியாக்கியிருந்தால் சேவையை நிறுத்தவே வேண்டியிருந்திருக்காது. அதோடு, பழைய லாக் ஃபைல்களைத் தானாக நீக்கும் லாக்-ரொட்டேட் ஏன் வேலை செய்யவில்லை என்று பார்க்காமல் விட்டால், அடுத்த மாதமும் அதே இரவு வரும்.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. டிஎஃப் 40 சதவீதம் காலி என்கிறது. ஆனால் ஒரு சிறு ஃபைல் எழுதப் போனாலும் 'இடம் இல்லை' என்று வருகிறது. டிஎஃப் கட்டளையோடு 'ஐ' சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று வேண்டியிருக்கும் ஐநோடு என்ற பதிவு தீர்ந்திருக்கும். லட்சக்கணக்கில் குட்டிக் குட்டி செஷன் ஃபைல்கள் குவிந்தால் இப்படி ஆகும். ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறையில் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை) வழக்கமாக 5 சதவீத இடம், எல்லா அனுமதியும் உள்ள ரூட் பயனருக்காக ஒதுக்கப்பட்டிருக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 100 ஜிபி டிஸ்க்கில் அது 5 ஜிபி. சாதாரணப் பயனருக்கு நிரம்பிவிட்ட டிஸ்க்கில் ரூட்டால் எழுத முடிவது அதனால்தான்.

இப்போது கிளவுடுக்கு வருவோம். 'இடம் போதவில்லையா, 20 ஜிபியை 40 ஆக்கு' என்று வகுப்பில் சொல்வார்கள். இணையப் பக்கத்தில் 40 என்று மாற்றியாகிவிட்டது. சர்வருக்குள் டிஎஃப் இன்னும் 20தான் காட்டுகிறது. முதலில் க்ரோபார்ட் கட்டளை கொண்டு பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் பிரித்த பகுதியை, நீட்ட வேண்டும். பிறகு ஈஎக்ஸ்டி4 என்றால் ரிசைஸ்2எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் என்றால் அதற்குரிய க்ரோஎஃப்எஸ் கட்டளை கொடுக்க வேண்டும். ஒருமுறை பெரிதாக்கிய அமேசான் டிஸ்க்கைச் சிறிதாக்க வழியில்லை. புது டிஸ்க் எடுத்து நகலெடுக்க வேண்டியதுதான். டிஸ்க், பார்ட்டிஷன், கோப்பு முறை மூன்றும் வேறு வேறு என்று அறியாதவருக்கு இந்த மூன்று படியும் மந்திரம் போலத்தான் இருக்கும். மந்திரம் பலிக்காதபோது அவரிடம் மாற்று வழி இருக்காது.

இதையெல்லாம் பழக மாதக்கணக்கில் கிளவுடுக்குப் பணம் கட்ட வேண்டாம். 8 ஜிபி ரேம், 100 ஜிபி காலி இடம் உள்ள பழைய மடிக்கணினி போதும். ஒரு கணினிக்குள் வேறு கணினிகளை ஓட்ட உதவும் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். அதில் டெஸ்க்டாப் இல்லாத உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) சர்வர் இரண்டை, தலா ஒன்றரை ஜிபி ரேமும் 20 ஜிபி டிஸ்க்கும் கொடுத்து நிறுவலாம். 64 பிட் தேர்வே காட்டவில்லை என்றால், பெரும்பாலும் பயாஸில் (மடிக்கணினியின் தொடக்க அமைப்பில்) விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கிறது என்று பொருள். வழக்கமான 'நாட்' இணைப்பில் சர்வரிலிருந்து வெளியே போகலாம்; மடிக்கணினியிலிருந்து நேரடியாக உள்ளே போக முடியாது. அதற்கு 'ஹோஸ்ட் ஒன்லி' என்ற இரண்டாவது நெட்வொர்க் அட்டையைச் சேர்க்க வேண்டும். முதல் சர்வரை நகலெடுத்து இரண்டாவதை உருவாக்கினால் இரண்டுக்கும் ஒரே ஐ.பி. முகவரி வந்து குழப்பும். நகலெடுக்கும்போது புது மேக் முகவரி (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்) கேட்டுப் பெறுவதோடு, ஈடிசி அடைவில் இருக்கும் மெஷின்-ஐடி ஃபைலையும் காலியாக்கி மறுபடி தொடங்க வேண்டும். பலரும் இரண்டாம் நாளே கைவிடுவது இந்த இடத்தில்தான். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழியான எஸ்எஸ்ஹெச். பாஸ்வேர்டை நிறுத்தி, சாவி மூலம் மட்டும் நுழையும்படி செய்ய வேண்டும். சர்வரில் எஸ்எஸ்ஹெச் அடைவுக்கு 700, சாவிப் பட்டியல் ஃபைலுக்கு 600 என்று அனுமதி இருக்கட்டும். மற்றவர்களும் எழுதலாம் என்று அனுமதி தளர்வாக இருந்தால், சர்வர் காரணம் சொல்லாமல் சாவியை ஒதுக்கிவிட்டு பாஸ்வேர்டு கேட்கும். உபுண்டுவில் இன்னொரு சிக்கல் உண்டு: முக்கிய அமைப்பு ஃபைலில் பாஸ்வேர்டு வேண்டாம் என்று எழுதியும் பாஸ்வேர்டு ஏற்கப்படும். துணை அடைவில், சர்வரை முதன்முறை அமைத்துத்தரும் கிளவுட்-இனிட் நிரல் வைத்த 50ஆம் எண் ஃபைல் 'வேண்டும்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். எஸ்எஸ்ஹெச் முதலில் படித்ததையே ஏற்கும். எஸ்எஸ்ஹெச்டி கட்டளையோடு பெரிய 'டி' சேர்த்தால் உண்மையில் எது அமலில் இருக்கிறது என்று காட்டும். சின்ன 'டி' அமைப்பில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று சோதிக்கும். எதை மாற்றினாலும் பழைய இணைப்பை மூடாமல், இன்னொரு சாளரத்தில் நுழைந்து பார்த்த பிறகே மூட வேண்டும். ஃபயர்வாலை இயக்கும் முன், எஸ்எஸ்ஹெச் நுழையும் வாசலான 22ஆம் போர்ட்டைத் திறந்துவிட வேண்டும். வீட்டு மடிக்கணினியில் தாழிட்டுக்கொண்டால் திரை வழியே உள்ளே போகலாம். கிளவுடில் அப்படி ஆனால், பல வேளைகளில் அந்த சர்வரின் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு சர்வரில் மாட்டித் திருத்தி, திரும்ப மாட்ட வேண்டிவரும்.

நெட்வொர்க் பாடத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். 'தளம் திறக்கவில்லை' என்ற ஒரே புகாருக்குப் பின்னால் ஆறேழு காரணங்கள் இருக்கும். வெகுநேரம் காத்திருந்து 'டைம்டு அவுட்' என்று வந்தால், பாக்கெட் (அனுப்பிய தரவுத் துண்டு) வழியில் எங்கோ விழுங்கப்படுகிறது. பாக்கெட் போகும் வழியைச் சொல்லும் ரவுட் டேபிள், யாரை விடலாம் என்று கிளவுடில் எழுதிவைக்கும் செக்யூரிட்டி குரூப், ஃபயர்வால் என்று தேட வேண்டும். உடனே 'ரெஃப்யூஸ்டு' என்று வந்தால் பெரும்பாலும் சர்வர் வரை போய்ச் சேர்ந்துவிட்டது; அந்த போர்ட்டில் கேட்பதற்கு ஆள் இல்லை. எஸ்எஸ் கட்டளையில் பார்த்தால் சேவை நின்றிருக்கும், அல்லது 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் பாதி நேரம் மிச்சம். அமேசானில் செக்யூரிட்டி குரூப் போன இணைப்பை நினைவில் வைத்துத் திரும்பி வரவும் விடும்; நெட்வொர்க் ஏசிஎல் என்ற இன்னொரு தடுப்பு அப்படி நினைவில் வைக்காது. அங்கே உள்ளே வர இணையதளத்துக்கான 443ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டு, பதில் வெளியே போக 1024 முதல் 65535 வரையிலான போர்ட்டுகளைத் திறக்காமல் விட்டால் தளம் திறக்காது. சப்நெட், அதாவது நெட்வொர்க்கின் ஒரு பிரிவில் எத்தனை முகவரி என்ற கணக்கையும் கையால் போட்டுப் பழக வேண்டும். /24 என்றால் 256 முகவரி. அமேசான் ஒவ்வொரு சப்நெட்டிலும் 5 முகவரிகளைத் தனக்கு எடுத்துக்கொள்வதால் நமக்கு 251.

பேக்கப் பற்றி வகுப்புகளில் ஒரு மணி நேரம்கூடப் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிர இடம் தரும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும். இரவு நேரத்தில், உதிரி சர்வர் என்று எண்ணி, இயங்கிக்கொண்டிருந்த முதன்மை டேட்டாபேஸ் சர்வரில் அழிப்புக் கட்டளை கொடுக்கப்பட்டது. சுமார் 300 ஜிபி தரவு சில நொடிகளில் போனது. பேக்கப்பைத் தேடினால், தினசரி எடுக்கும் நிரல் பழைய பதிப்பு 9.2, டேட்டாபேஸோ 9.6. அதனால் பேக்கப் எடுக்கப்படவே இல்லை. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் தடுக்கப்பட்டதால் யாருக்கும் தெரியவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரணத்துக்காக எடுத்துவைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த நிறுவனம் எதையும் மறைக்காமல் வெளியிட்டது. அதனால்தான் இன்று நாம் அதிலிருந்து கற்க முடிகிறது. மாணவருக்கு இதில் வேலை என்ன? மாதம் ஒருமுறை, பேக்கப்பை எடுத்து இரண்டாவது சர்வரில் மீட்டு, டேட்டாபேஸில் உள்ள வரிசைகளை எண்ணி, எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்து வைப்பது. மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பி ஒரு நிறுவனத்தை நடத்தக் கூடாது.

இவ்வளவும் கைவந்த பிறகு கிளவுடில் கணக்குத் திறக்கலாம். முதல் நாள் வேலை இரண்டு: ரூட் கணக்குக்கு (கிளவுட் கணக்கின் முழு உரிமையாளர் நுழைவு) இரட்டைச் சரிபார்ப்பு, செலவு எச்சரிக்கை. எச்சரிக்கை தகவல் மட்டுமே சொல்லும், செலவைத் தானாக நிறுத்தாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சர்வரை அழித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு பில் வருவது வேறு இடங்களிலிருந்து: தனியே விட்ட டிஸ்க், ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையின் நகல்), பொது ஐ.பி. முகவரி. 2024 பிப்ரவரி முதல் அமேசான் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது. உள்ளிருக்கும் சர்வர்கள் வெளியே போக உதவும் நாட் கேட்வே வர்ஜீனியா மண்டலத்தில் மணிக்கு 0.045 டாலர், மறந்து விட்டால் தரவு எதுவும் போகாமலேயே மாதம் 32 டாலருக்கு மேல். கல்லூரி மாணவருக்கு அது பெரிய தொகை. கணக்கின் ரகசியச் சாவியை நிரலோடு சேர்த்து, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் பொதுவில் போட்டுவிட்டால் இன்னும் மோசம். அப்படிப்பட்ட சாவிகளையே தேடிக்கொண்டிருக்கும் தானியங்கி நிரல்கள் சில நிமிடங்களில் எடுத்துப் பெரிய பெரிய சர்வர்களை ஓட்டிவிடும். சர்வர்களை நிரலாக எழுதி உருவாக்க உதவும் டெர்ராஃபார்ம் படிக்கும்போதும் அதே கவனம் தேவை. உருவாக்கியவற்றைக் குறித்து வைக்கும் அதன் ஸ்டேட் ஃபைலில் பாஸ்வேர்டுகள் அப்படியே எழுத்தாக இருக்கக்கூடும். பல சர்வர்களில் நிரல்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டஸ் இதற்கெல்லாம் பிறகு.

சான்றிதழ்களை நான் குறை சொல்லவில்லை. லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டின் ஆர்ஹெச்சிஎஸ்ஏ தேர்வில் சர்வர் முன்னால் உட்கார்ந்து செய்து காட்ட வேண்டும். 300க்கு 210 வேண்டும். கடைசியில் சர்வரை மறுபடி தொடங்கிய பிறகும் அமைப்புகள் நிலைத்திருக்க வேண்டும். எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும், ஈடிசி அடைவின் எஃப்எஸ்-டேப் ஃபைலில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால் சர்வர் இயல்பாக எழுந்து வராமல் போகலாம். மவுண்ட் கட்டளையோடு 'ஏ' சேர்த்துச் சோதித்த பிறகே மறுபடி தொடங்க வேண்டும் என்பதை அந்தத் தேர்வு உடம்பில் ஏற்றிவிடும். அமேசானின் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வு 65 கேள்விகளுக்கு விடையைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே. 'டம்ப்ஸ்' என்று விற்கும் வினாத்தொகுப்பை மனப்பாடம் செய்து அதில் தேறியவர், நேர்முகத் தேர்வில் 'தளம் திறக்கவில்லை, முதலில் எதைப் பார்ப்பீர்கள்?' என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறார். அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. உழைக்காதவர்கள் அல்லர், தவறான வரிசையில் உழைத்தவர்கள்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். கல்வி, வேலைவாய்ப்புப் பக்கங்களில் இத்தகைய படிப்புகளைப் பற்றி எழுதும்போது, கட்டணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகளையும் சேர்த்து வெளியிடுங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் ரூட் அனுமதியோடு தனி சர்வர் தருவார்களா? வேண்டுமென்றே கெடுத்து வைத்த சர்வரைக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்வார்களா? எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு? சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸ் பதிப்பைச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்றே முடிந்துவிட்டது. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்போ, அல்மா லினக்ஸோ, ராக்கி லினக்ஸோ இருக்க வேண்டும். கல்லூரி ஆய்வகங்களில் மாணவருக்கு ரூட் அனுமதி தர அஞ்சுகிறார்கள். விர்ச்சுவல் சர்வரில் எதைக் கெடுத்தாலும், முன்பே எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்ப ஓரிரு நிமிடம் போதும் என்பதைத் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் பக்கங்கள் வழியே எடுத்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகப் பணியில் உள்ள வாசகர்,
குரோம்பேட்டை, சென்னை.