வீட்டோடு இருக்கும் மூத்தவர்களுக்குக் கை கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு,

சேலத்திலும் ஏற்காட்டு மலையிலும் ஆலயத்துக்கு வர முடியாமல் வீட்டோடு இருக்கிற மூத்த விசுவாசிகளைப் போய்ப் பார்க்கும் குழுவினர் நாங்கள். ஸ்தோத்திரம் சொல்லித் தொடங்குகிறோம். பேர் போட வேண்டாம் என்று உதவியவர்களே கேட்டுக்கொண்டதால் இதில் யார் பெயரும் இல்லை. செய்த வேலையை மட்டும் எழுதியிருக்கிறோம். வேறு சபையில் இதே ஊழியம் செய்கிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று அளவு, முறை எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதல் நன்றி அச்சகத்துக்கு. முதிர்வயதில் தேவன் கைவிடமாட்டார் என்று 71-ஆம் சங்கீதத்தை வைத்து அழகாகப் பிரசங்கம் செய்துவிடலாம். ஆனால் கண்ணில் புரை விழுந்தவருக்கு அந்தச் சங்கீதம் பொடி எழுத்தில் இருந்தால் இருந்தும் இல்லாத மாதிரிதான். செவ்வாய்ப்பேட்டை அச்சகச் சகோதரர் 22 புள்ளி எழுத்தில், வரிக்கு வரி ஒன்றரை இடைவெளி விட்டு, சங்கீதங்களைத் தனியாகவும் பழைய கீர்த்தனைகளைத் தனியாகவும் அடித்துக் கொடுத்தார். தடித்த எழுத்து போடுங்கள் என்று நாங்கள் கேட்டோம், அவர் மறுத்துவிட்டார். அவர் மறுத்ததுதான் சரி. தமிழில் எழுத்தைத் தடிமனாக்கினால் சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடம் அடைபட்டு, ‘ண’ எது ‘ன’ எது என்று புரியாது. பளபளப்புத் தாளும் லேமினேஷனும் ஆகாது, டியூப்லைட் வெளிச்சம் அதில் பட்டுக் கண்ணைக் கூசும். தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சு, இல்லையென்றால் பின்பக்கத்து எழுத்து நிழலாடும். 40 தாளுக்கு மேல் சேர்க்கவில்லை, எடை சுமார் 200 கிராமில் நிற்கிறது. சுருள் கம்பி போட்டதால் மடியில் விரித்தால் தானாக மூடிக்கொள்வதில்லை. கை நடுங்குகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

எந்த வேதாகம மொழிபெயர்ப்பு என்பதையும் சொல்லிவிடுகிறோம். 1995-இல் வந்த திருவிவிலியம் படிக்க எளிதுதான், வாலிபர்களுக்கு அதைத்தான் கொடுப்போம். ஆனால் எண்பது வயதுக்காரர் சின்ன வயதில் நெட்டுருப் போட்டது, “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்று தொடங்குகிற பழைய ஜெபத்தை. மறதி நோய் முற்றி, பெற்ற மகளையே “நீ யாரும்மா?” என்று கேட்கிறவர்கள்கூட அந்த முதல் வரியைக் கேட்டதும் உதடு அசைத்துச் சேர்ந்து சொல்வது உண்டு. வார்த்தையை மாற்றினால் பாதியில் நின்றுவிடுவார்கள். அதனால் அவர்களிடம் பழைய சொல்லிலேயே, மெதுவாக, ஒரு வரி முடிந்து மூச்சு விட்டு அடுத்த வரி. ஓய்வுநாள் பள்ளி ஆசிரியைகள் இந்த வேகத்தில் பத்துச் சங்கீதங்களையும் பரமண்டல ஜெபத்தையும் வாசித்து, சின்ன ஒலிபெருக்கியில் போட்டுக் கொடுத்தார்கள். ஓடவிடும் பொத்தான் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷை உருண்டையாகக் காயவிட்டிருக்கிறார்கள், இருட்டில் விரலுக்குத் தட்டுப்படும். வாசித்ததில் கனத்த குரல்களையே தேர்ந்தெடுத்தது அந்த ஆசிரியைகளின் யோசனை. வயதானால் முதலில் மங்குவது கீச்சென்ற ஒலிகள். அதனால் மெல்லிய குரலில் சொல்லும் ‘ச’, ‘ஸ’, ‘த’ எல்லாம் ஒன்றாகக் கேட்கும். கத்தினால் கேட்கும் என்பதும் தப்பு, கத்தும்போது சொல் உடைந்துபோகும். மின்விசிறியை நிறுத்தி, முகத்துக்கு நேரே உட்கார்ந்து, சாதாரணக் குரலில் பேசினால் போதும்.

காது மிஷினுக்கு பேட்டரி மாற்றிக் கொடுத்த தம்பிக்கும் நன்றி. பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்த உடனே உள்ளே போடக் கூடாது, ஒரு நிமிடமாவது காற்றுப்பட வெளியே வைக்க வேண்டும். அது காற்றை இழுத்துத்தான் வேலை செய்கிற பேட்டரி. ஏற்காட்டில் மூடுபனி ஈரம் மிஷினுக்குள் இறங்கிவிடுகிறது. இரவில் அதைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு டப்பாவில் மூடி வைக்கும்படி சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

அப்பமும் திராட்சை ரசமும் பகிர்கிற திருவிருந்து பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். பெரியவர்கள் இன்னும் அதை ராப்போஜனம் என்றே சொல்கிறார்கள், அதற்காக மாதம் முழுவதும் காத்திருக்கிறார்கள். ஆயர் ஐயா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். பக்கவாதம் வந்தவர்களுக்கும் நடுக்க நோய் உள்ளவர்களுக்கும் அது தொண்டையில் புரையேறுவது எங்களுக்கு நீண்ட நாள் கவலையாக இருந்தது. அரசு மருத்துவமனையிலிருந்து ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் வந்து பார்த்து, குற்றம் அந்தச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் இருக்கிறது என்றார். வாய் குறுகிய கிண்ணம் மூக்கில் இடிக்கும். கடைசிச் சொட்டு வர வேண்டுமென்றால் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும், தலை சாய்ந்தால் மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும், ரசம் அதில் இறங்கும். இப்போது ஸ்பூனில் கொடுக்கிறோம். படுத்த நிலையில் கொடுப்பதில்லை, முதுகுக்குத் தலையணை வைத்து நேராக உட்கார வைத்து, முகவாயை லேசாகத் தாழ்த்தச் சொல்கிறோம். அப்பம் அரைப் பட்டாணி அளவு, ரசத்தில் தோய்த்தது. விழுங்கிவிட்டாரா என்று பார்த்த பிறகே அடுத்த வசனம். முடிந்ததும் அரை மணி நேரம் படுக்க விடுவதில்லை, அந்த அரை மணி நேரம் பாட்டுக்கு. விழுங்கவே முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் வாயில் எதையும் வைப்பதில்லை. ஆயர் ஐயா அப்பத்தையும் ரசத்தையும் அவர் கண்முன் காட்டி ஜெபித்துவிட்டு வருகிறார்.

உபவாசம் இன்னொரு சிக்கல். வெறும் வயிற்றோடுதான் ராப்போஜனம் எடுக்க வேண்டும் என்று பல பாட்டிகள் பிடிவாதமாக இருப்பார்கள். லெந்து (தவக்கால) நாட்களில் கேட்கவே வேண்டாம். இன்சுலின் போட்டுக்கொண்டோ சர்க்கரை மாத்திரை விழுங்கியோ சாப்பிடாமல் இருந்தால், ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, ஜெபத்தின் நடுவிலேயே வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறும். பக்கத்தில் இருக்கிறவர்கள் அதை ஆவியின் அசைவு என்று நினைத்துக்கொண்டதும் உண்டு. நினைவு இருந்து விழுங்க முடிந்தால் உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்துச் சோதித்து, ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டத்திலேயே முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் நற்கருணைக்கு (திருவிருந்துக்கு) முந்தைய ஒரு மணி நேர நோன்பு கட்டாயமில்லை. இதை அக்கம்பக்கத்துக் கத்தோலிக்க சகோதரிகள் எங்கள் பாட்டிகளிடம் எடுத்துச் சொன்ன பிறகுதான் அவர்கள் இட்லிக்குச் சம்மதித்தார்கள். அந்தச் சகோதரிகளுக்கும் நன்றி.

விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று வீடு வீடாகச் சொல்லித் திரிகிறவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் அவர்களோடு வாதம் செய்வதில்லை. மாத்திரை டப்பாவை ஞாயிறு முதல் சனி வரை நிரப்பி வைத்துவிட்டு வருகிறோம். டப்பா வாங்கித் தந்த மருந்துக்கடைக்காரர் இந்து. “உங்க சாமி மாத்திரை வேணாம்னா சொன்னாரு?” என்று அவர் கேட்டது எங்கள் பல பிரசங்கங்களைவிட நன்றாக வேலை செய்தது.

ஆலயத்துக்கு வராமல் நின்றுபோனவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. விசுவாசம் குளிர்ந்துவிட்டது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். கேட்டுப் பார்த்தால் பாதிப் பேருக்குக் காரணம் நீர் மாத்திரை. காலையில் அதை விழுங்கினால் அடுத்த சில மணி நேரம் அடிக்கடி கழிவறைக்குப் போக வேண்டும், ஆராதனை நடுவே எழுந்து போக வெட்கம். மருத்துவரைக் கேட்டு, ஞாயிறு மட்டும் ஆராதனை முடிந்த பிறகு எடுத்துக்கொள்ள முடியுமா என்று விசாரிக்கலாம். கேட்காமல் நாமாக மாற்றக் கூடாது. இதற்காகவே கடைசி வரிசையில் ஓரத்து இருக்கையை விட்டுக்கொடுத்த குடும்பத்தாருக்கு நன்றி. தலைமுறையாக உட்கார்ந்த இடம் அது, எங்களுக்குத் தெரியும்.

கொத்தனாருக்கும் வெல்டருக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஆலயத்தின் பக்கவாட்டு வாசலில் 6 அங்குலப் படி ஒன்றுக்கு 6 அடி நீளச் சரிவு போட்டார்கள். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி என்பது கணக்கு. இடம் மிச்சம் பண்ணலாம் என்று 3 அடியில் முடித்தால் சக்கர நாற்காலி ஏறுவதே சிரமம், இறங்கும்போது தள்ளுகிறவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். மேலே பளபளப்பான கிரானைட் பதிக்கலாம் என்று ஒருவர் சொன்னார், நல்லவேளை நடக்கவில்லை. மழையில் அது வழுக்கும். சிமெண்டு காயும் முன் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்துவிட்டார்கள். கழிவறைக் கைப்பிடியைத் தரையிலிருந்து சுமார் 34 அங்குல உயரத்தில், பூச்சில் மட்டும் நிற்காமல் செங்கல்லுக்குள் போல்ட் இறக்கிப் பொருத்தியிருக்கிறார்கள். பூச்சில் மட்டும் நிற்கிற கைப்பிடி, ஆள் முழு எடையைப் போடுகிற அன்றைக்குத்தான் கழன்று வரும்.

மலைக்கு வருவோம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். டிசம்பர், ஜனவரியில் காப்பிப் பழம் பறிக்கிற காலம். வீட்டில் நடமாட்டமுள்ள எல்லாரும் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள், கிறிஸ்துமஸ் நேரத்தில்தான் பெரியவர்கள் பகல் முழுக்கத் தனியாக இருப்பார்கள். நாகலூர், செம்மடுவுப் பக்கம் எங்களை ஏற்றிக்கொண்டு போன ஜீப் ஓட்டுநர்கள் டீசல் காசுக்கு மேல் வாங்கவில்லை. பனி விலகி 11 மணிக்கு மேல் போய், 3 மணிக்குள் இறங்கிவிட வேண்டும் என்று எங்களைப் பழக்கியதும் அவர்கள்தான். அவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னலைத் திறந்துவைக்கச் சொன்னதற்கு இன்னொரு நன்றி. குளிருக்கு அறையை அடைத்துக் கரி அடுப்பு மூட்டித் தூங்கினால் அதிலிருந்து வரும் வாயுவுக்கு மணமே கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். சுடுதண்ணீர்ப் பையைத் துணி சுற்றாமல் காலில் வைப்பதும் ஆபத்து. சர்க்கரை நோயில் மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது, காலையில் கொப்புளம்தான் தெரியும்.

வாலிபர் ஐக்கியத்துக்கு: வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸை நள்ளிரவில் வைத்தால்தான் கிறிஸ்துமஸ் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம். ஆனாலும் மூத்தவர்கள் வீடுகளை மாலை 6:30-க்கும் 8 மணிக்கும் இடையில் முடித்தீர்கள். டிரம்மைத் தெருமுனையிலேயே வைத்துவிட்டு வந்தீர்கள். மறதி நோய் உள்ள வீட்டில் கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடியைக் கழற்றிவிட்டு உள்ளே போனீர்கள். மனதார நன்றி.

ஆறுதல் தருவது சுலபம், வேலை தருவதுதான் கடினம். லூக்கா சுவிசேஷத்தில் வருகிற அன்னாள் எண்பத்துநாலு வயது விதவை. அவளுக்குத் தேவாலயத்தில் இரவும் பகலும் ஜெபிக்கிற வேலை இருந்தது. எங்கள் மூத்தவர்களுக்கும் அப்படி ஒரு வேலை வேண்டும் என்றுதான் ஜெப அட்டை போட்டோம். முதலில் நாற்பது பெயர்களை எழுதிக் கொடுத்து அவர்களை மலைக்க வைத்துவிட்டோம். இப்போது வாரத்துக்கு 5 பெயர்தான், பெயருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு காரியம்: வியாழக்கிழமை கணக்குத் தேர்வு, திங்கள் வேலைக்கு நேர்காணல். உரியவர் சம்மதிக்காத எதையும் எழுதுவதில்லை. கல்யாணப் பேச்சும் கர்ப்பப்பை ஆபரேஷனும் ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் ஊர் சுற்றி வந்ததை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஜெபம் கேட்ட பிள்ளைகளே, தேர்வு முடிந்ததும் அந்தத் தாத்தாவுக்குப் போன் செய்து முடிவைச் சொன்னீர்களே, தோற்றவர்களும் சொன்னீர்களே, அதற்கு நன்றி. சொல்லாமல் விட்டவர்கள் இப்போதாவது சொல்லுங்கள், அவர்கள் இன்னும் உங்கள் பெயரைச் சொல்லி ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தனியாக இருக்கும் மூத்தவர்கள் காலை 7:30-க்கு ஒருவரை ஒருவர் போனில் அழைத்து ஒரு வசனம் சொல்லிக்கொள்கிற சங்கிலியும் நடக்கிறது. இரண்டு முறை அடித்தும் எடுக்கவில்லையென்றால் பக்கத்து வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. சாவி வாங்கி வைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பக்கத்து வீட்டார் பெரும்பாலும் நம் சபையார் அல்ல. அவர்களுக்கு எங்கள் வணக்கம்.

சாவைப் பற்றிப் பெரியவர்கள் பேச்செடுத்தால் “அதெல்லாம் இப்ப எதுக்குப்பா” என்று வாயை அடைக்காமல், ஒரு தாளும் பேனாவும் எடுத்துவந்த மகன்களுக்கும் மருமகள்களுக்கும் நன்றி. அடக்க ஆராதனையில் என்ன பாட்டு, எந்த வசனம், வேதாகமம் யாருக்கு, கண்தானம் உண்டா (உண்டென்றால் 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், அதுவரை மின்விசிறியை நிறுத்தி இமையை மூடி ஈரப்பஞ்சு வைக்க வேண்டும்). உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் இதைப் பேசும்போது பயப்படுவதில்லை, பாட்டுத் தேர்வில் சண்டைதான் போடுகிறார்கள்.

புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை டிசம்பர் முதல் வாரம் அச்சுக்குப் போகிறது. 22 புள்ளி போதுமா, 28 வேண்டுமா என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு, நவம்பர் கடைசி ஞாயிற்றுக்குள் எங்களிடம் சொல்லுங்கள். ஒலிபெருக்கி சார்ஜர் யார் வீட்டிலோ ஒன்று மாறிப் போயிருக்கிறது, அதையும் பாருங்கள்.

அன்புடன்,
முதியோர் சந்திப்புக் குழுவினர்
சேலம்