ம்யூல் ஓடும் இடத்தில் கொஞ்ச நேரம் நில்

அன்புள்ள கண்ணுக்கு,

மான்செஸ்டர் பக்கத்தில் இருக்கிற குவாரி பேங்க் மில்லைப் பார்க்கப் போவதாகச் சொன்னாய். 1784-இல் சாமுவேல் கிரெக் ஆற்றோரம் கட்டிய பஞ்சாலை அது. வருகிறவர்கள் பெரிய நீர்ச்சக்கரத்தைத் தேடித்தான் முதலில் போவார்கள். நீ ம்யூல் என்ற நூல் நூற்கும் மெஷினை ஓட்டிக் காட்டும் கூடத்தில் அதிக நேரம் நில். முதலாளி ஒரு பக்கம், தொழிலாளி ஒரு பக்கம் என்று படித்திருப்பாய். அந்தத் தரையில், ஒரே மெஷினைச் சுற்றி, தொழிலாளிக்குள்ளேயே மூன்று படி இருந்தது.

நூல் சுற்றும் கதிர்கள் வரிசையாகப் பூட்டிய வண்டி, சக்கரத்தில் உருண்டு ஏறக்குறைய ஐந்தடி வெளியே வரும். வரும்போதே, பின்னால் நிலையாக நிற்கும் உருளைகள் விடுகிற ரோவிங்கை, அதாவது தளர்வான பஞ்சுத் திரியை, இழுத்து முறுக்கும். திரும்பி உள்ளே போகும்போது, முறுக்கிய நூலைக் கதிரில் சுற்றும். எதிரெதிராக நிற்கும் இரண்டு ம்யூல்களுக்கு ஒரு நூற்பாளர். பழைய ம்யூலில் வண்டியை உள்ளே தள்ளுவது அவர் உடம்பு பலம்தான். சுற்று சீராக விழுவதும் அவர் கைப்பக்குவம்.

அவருக்குக் கீழே அறுந்த இழையை ஒட்டும் பீஸர்கள், பெரும்பாலும் சிறுவர்கள். இழை அறுந்தால் இரு முனையையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டிப் பிணைக்க வேண்டும். மெஷின் அதற்காக நிற்காது. வண்டி உருளைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் சில நொடிக்குள் முடிக்க வேண்டும். ஓரிரு அடி விலகிவிட்டால் சின்னக் கை எட்டாது. எல்லாருக்கும் கீழே, வண்டி வெளியே வந்ததும் நூல் விரிப்புக்கு அடியில் தவழ்ந்து பஞ்சுத் தூசி பொறுக்கும் பிள்ளை. வண்டி திரும்புவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். தரை முழுக்க எண்ணெய், அதனால் வெறுங்கால். காற்று காய்ந்தால் இழை அறும் என்று கூடத்தைப் புழுக்கமாகவே வைத்திருப்பார்கள்.

கூலிக் கணக்கைப் பார், அதுதான் முக்கியம். நூற்பாளருக்கு நூல் அளவுக்குக் கூலி. பீஸருக்கு வாரக்கூலி. அதை நூற்பாளரே தன் கூலியிலிருந்து எடுத்துக் கொடுப்பார், பல இடங்களில் ஆளைச் சேர்ப்பதும் அவர்தான். பஞ்சு மட்டமாக இருந்து இழை அதிகமாக அறுந்தால் நஷ்டம் அவருக்கு. அடி அந்தப் பிள்ளைக்கு. முதலாளி கை ஓங்க வேண்டிய அவசியமே இல்லை. எனக்கு இதில் மிகக் கொடுமையாகப் படுவது இந்த ஏற்பாடுதான். ஒரு நூற்பாளருக்கு இரண்டு மூன்று பீஸர் என்றால், வளர்ந்த பிறகு எல்லாருக்கும் நூற்பாளர் இடம் எங்கிருந்து வரும்? முப்பது வயதிலும் பீஸராகவே நின்றவர்கள் உண்டு. ரிச்சர்ட் ராபர்ட்ஸின் தானியங்கி ம்யூல் 1830 வாக்கில் வந்து, வண்டி தள்ளும் பாரத்தைக் குறைத்தது. இந்தப் படிவரிசை அப்போதும் போகவில்லை.

1833 தொழிற்சாலைச் சட்டம் ஒன்பது வயதுக்குக் கீழே பிள்ளைகளைப் பஞ்சாலையில் வைக்கக்கூடாது என்றது. பதின்மூன்று வயதுக்குள் நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான் என்றது. நாடு முழுவதற்கும் இன்ஸ்பெக்டர் நான்கே பேர். இங்கிலாந்தில் பிறப்புப் பதிவு 1837-இல்தான் தொடங்கியது. அதுவரை உயரத்தையும் தோற்றத்தையும் பார்த்து டாக்டர் எழுதுவதுதான் வயது. வீட்டுக்கு அந்தக் கூலி தேவைப்பட்டதால் பெற்றவர்களே வயதைக் கூட்டிச் சொன்னார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

1847-இல் பெண்களுக்கும் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கும் பத்து மணி நேரம் என்று சட்டம் வந்தது. ஷிப்டை மாற்றி மாற்றிப் போட்டு அதையும் ஏய்த்தார்கள், யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாதபடி. அதனால் 1850-இல் வேலைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து காலை ஆறு முதல் மாலை ஆறு, சனிக்கிழமை இரண்டு மணியோடு சரி என்று கடிகாரத்தையே சட்டத்தில் எழுதினார்கள். பெண்களும் பிள்ளைகளும் போய்விட்டால் ஆண்களால் மட்டும் மில்லை ஓட்ட முடியாது, ஆகவே அவர்களுக்கும் அந்த அரைநாள் கிடைத்தது. அங்கே சனிக்கிழமை மூன்று மணிக்கு ஃபுட்பால் ஆட்டம் ஏன் என்று கேட்டாயே, அந்த வழக்கம் இந்த அரைநாளிலிருந்து வந்ததுதான்.

ம்யூலை நாள் முழுக்க ஓட்ட மாட்டார்கள். போனவுடன் நேரம் விசாரித்துக்கொள். வண்டி வெளியே வந்ததும் குனிந்து, நூலுக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்த்து எனக்கு எழுது.

அப்பா